எடிஸ்டோன் பாறையும் அதன் கலங்கரை விளக்கங்களும்

ஆங்கிலக் கால்வாயின் மேற்கு வாசலில், பிளிமத் துறைமுகத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் எடிஸ்டோன் என்ற பாறைக்கூட்டம் இருக்கிறது. மிகப் பழைமையான நைஸ் வகைப் பாறை அது; அடுக்கடுக்காக ஒருபக்கம் சாய்ந்து கிடக்கும். கடல் வற்றும் வேளையில் பாறைமுகடுகள் சில வெளியே தெரியும். ஓதம் ஏறினால் பெரும்பகுதி மூழ்கிவிடும். சுற்றிலும் ஆழ்கடல் என்பதால் அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலைகள் வேகம் குறையாமல் வந்து இந்தப் பாறையில் மோதுகின்றன. பிளிமத்துக்கு வரும் கப்பல்களின் வழியிலேயே இது கிடந்தது. இதற்கு அஞ்சித் தெற்கே விலகிப் போன மாலுமிகள் பிரான்சுக் கரையோரப் பாறைகளில் கப்பலைப் பறிகொடுத்ததும் உண்டு.

1690களில் பிளிமத்தில் ஆங்கிலக் கடற்படையின் கப்பல்துறை அமைந்தது. போக்குவரத்து பெருகியபோது, அந்தப் பாறையில் விளக்கு ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அதுவரை கலங்கரை விளக்கங்கள் கரையிலோ, தீவிலோ, ஆற்றுமுகத்திலோதான் நின்றன. கரையிலிருந்து வெகுதொலைவில், நாளுக்கு இருமுறை நீரில் முங்கி எழும் ஒரு பாறையில் கோபுரம் கட்டுவது எப்படி என்று சொல்லித்தர முன்மாதிரி எதுவும் இல்லை. அடுத்த 200 ஆண்டுகளில் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கோபுரங்கள் எழுந்தன. கடலில் கட்டுமானம் செய்யும் கலையின் பெரும்பகுதி அங்கேதான் உருவானது.

முதலில் துணிந்தவர் ஹென்றி வின்ஸ்டன்லி. தொழிலால் செதுக்கு ஓவியர். எந்திர வேடிக்கைகள் செய்து காட்டுவதிலும் பெயர் பெற்றவர். அவர் பணம் போட்டிருந்த கப்பல்கள் எடிஸ்டோனில் மோதி உடைந்ததே அவரை இந்த வேலைக்கு இழுத்தது என்பார்கள். 1696 கோடையில் வேலை தொடங்கியது. அந்தப் பருவம் முழுவதும் நடந்தது ஒரே வேலைதான்: பாறையில் 12 துளைகள் போட்டு இரும்புக் கம்பங்களை ஊன்றினார்கள். ஓதம் வற்றியிருக்கும் சில மணி நேரம் மட்டுமே உளி பிடிக்க முடியும். கடல் கொந்தளித்தால் வாரக்கணக்கில் படகே நெருங்க முடியாது.

மறு ஆண்டு பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பல் ஒன்று வந்து வின்ஸ்டன்லியைச் சிறைபிடித்துக்கொண்டு போனது. அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். ஆனால் பதினான்காம் லூயி மன்னர் அவரை விடுவித்து அனுப்பினார். இங்கிலாந்தோடுதான் போரே தவிர மனிதகுலத்தோடு அல்ல என்பது மன்னர் சொன்ன காரணமாக வழங்குகிறது. எடிஸ்டோன் விளக்கு எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் பொது என்பதை எதிரி நாடும் ஏற்றுக்கொண்டிருந்தது.

1698 நவம்பர் 14 அன்று கோபுரத்தில் மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டன. முதல் குளிர்காலத்திலேயே குறை தெரிந்துவிட்டது. அலை கோபுரத்துக்கு மேலே எழும்பி விளக்கறையையே மூடியது. கண்ணாடியில் உப்புப் படிந்து வெளிச்சம் மங்கியது. 1699இல் வின்ஸ்டன்லி அடிப்பகுதியைப் பருக்கவைத்து, இரும்புப் பட்டைகளால் இறுக்கி, கோபுரத்தையும் வெகுவாக உயர்த்தினார். பல பட்டை வடிவம், வெளியே நீண்ட மாடங்கள், ஏணிகள், பாரந்தூக்கிகள் என்று அது பார்க்க ஓர் அலங்கார மாளிகையாகவே இருந்தது. ஒவ்வொரு துருத்தலும் காற்றுக்கும் அலைக்கும் ஒரு பிடிமானம் என்பதை அன்று யாரும் கணித்துச் சொல்லவில்லை. தன் கோபுரத்தின்மீது வின்ஸ்டன்லிக்கு முழு நம்பிக்கை. இதுவரை காணாத பெரும்புயல் வரும்போது தான் அதற்குள் இருக்க வேண்டும் என்று விரும்பியவர் அவர். 1703 நவம்பர் 26 இரவு தென் இங்கிலாந்தைப் பெரும்புயல் தாக்கியபோது பழுதுபார்க்கும் ஆட்களுடன் அங்கேதான் இருந்தார். விடிந்தபோது முறுக்கிய சில இரும்புக் கம்பிகள் மட்டுமே பாறையில் எஞ்சியிருந்தன. கோபுரமும் இல்லை, அதில் இருந்தவர்களும் இல்லை.

விளக்கு எரிந்த ஐந்து ஆண்டுகளிலும் எடிஸ்டோனில் எந்தக் கப்பலும் உடையவில்லை. அது அணைந்ததும் வின்செல்சி என்ற வணிகக் கப்பல் அதே பாறையில் மோதி மூழ்கியது. விளக்கின் தேவைக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. கடந்து செல்லும் கப்பல்களிடம் டன்னுக்கு ஒரு பென்னி வசூலிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது. கலங்கரை விளக்கங்களுக்குப் பொறுப்பான டிரினிட்டி ஹவுஸ் அமைப்பு எடிஸ்டோனை 99 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாரிடம் விட்டது. இந்தக் குத்தகை விளக்கின் தரத்தைப் பிற்காலத்தில் எப்படிப் பாதித்தது என்பது பின்னால் வரும்.

இரண்டாம் கோபுரத்தைக் கட்டியவர் ஜான் ரட்யர்ட் என்ற பட்டு வணிகர். அவர் துணைக்கு வைத்துக்கொண்டது கப்பல் கட்டும் தச்சர்களை. அதுதான் அவருடைய கூர்மை. வெளியே எந்தத் துருத்தலும் இல்லாத வழவழப்பான கூம்பு வடிவம். ஓக் மரப் பலகைகள், இடைவெளிகளில் கப்பலுக்கு அடிப்பதைப் போலவே கீல் பூச்சு, உள்ளே பாரத்துக்காகக் கல் அடுக்குகள். சாய்ந்த பாறையைப் படிப்படியாகச் செதுக்கி, சமதளங்களின்மேல் கோபுரத்தை உட்கார வைத்தார். வழுக்கிச் செல்லும் ஆபத்து அதனால் குறைந்தது. 1709இல் நிறைவடைந்த இந்தக் கோபுரத்தைக் கடல் 46 ஆண்டுகள் அசைத்துப் பார்த்தும் வீழ்த்த முடியவில்லை. வீழ்த்தியது நெருப்பு.

1755 டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலை, விளக்கறையின் கூரை தீப்பிடித்தது. அரை நூற்றாண்டாக மெழுகுவத்திச் சூட்டில் காய்ந்த மரம் அது. உட்புறம் முழுக்கப் புகைக்கரி. காவலில் இருந்த ஹென்றி ஹால் 94 வயதுக்காரர். வாளியில் நீரை அள்ளி அண்ணாந்து கூரையை நோக்கி வீசிக்கொண்டிருந்தபோது, கூரைமேல் போர்த்தியிருந்த ஈயத் தகடு உருகி அவர்மேல் கொட்டியது. நெருப்பு மேலிருந்து கீழே இறங்க இறங்க, காவலர்கள் மூவரும் தளம் தளமாகப் பின்வாங்கிக் கடைசியில் பாறையின் ஒரு பொந்தில் ஒதுங்கினார்கள். படகு வந்து அவர்களை மீட்டது. உருகிய ஈயம் தன் வயிற்றுக்குள் போய்விட்டது என்று ஹால் சொன்னார், மருத்துவர் நம்பவில்லை. சில நாள்களில் ஹால் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது, 200 கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள ஈயக்கட்டி ஒன்று வயிற்றில் கிடந்தது. லண்டன் ராயல் கழகத்துக்கு மருத்துவர் ஸ்ப்ரை இதை எழுதியனுப்பினார். அங்கும் பலர் நம்பவில்லை. அந்த ஈயக்கட்டி இப்போது ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்றாம் கோபுரத்தோடுதான் எடிஸ்டோன் அறிவியல் வரலாற்றுக்குள் நுழைகிறது. புதிய கோபுரம் கட்டத் தகுந்தவர் யார் என்று குத்தகைதாரர் ராயல் கழகத் தலைவரைக் கேட்டார். அவர் காட்டியது, அறிவியல் கருவிகள் செய்யும் தொழிலிலிருந்து பொறியியலுக்கு வந்திருந்த 31 வயது ஜான் ஸ்மீட்டனை. கலங்கரை விளக்கம் எதையும் அவர் அதுவரை கட்டியதில்லை. ஆனால் எதையும் சோதனை செய்து பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார். அந்தப் பழக்கம்தான் இந்த வேலைக்குத் தேவைப்பட்டது.

கோபுரம் முழுவதும் கல்லாக இருக்க வேண்டும் என்பது அவருடைய முதல் முடிவு. மரம் எடை குறைவு, எரியவும் செய்யும். அலையின் தள்ளுவிசையைத் தாங்குவது எடைதான் என்று அவர் கருதினார். வடிவத்துக்கு ஓக் மரத்தின் அடிமரத்தை முன்மாதிரியாகக் கொண்டார்: வேரோரம் அகன்று, வளைந்து குறுகி, மேலே நேராக எழும் உருவம். அடியில் 26 அடி விட்டம், உச்சியில் 17 அடி. எடையின் பெரும்பகுதி கீழேயே இருப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும்; கவிழ்ப்பது கடினம். முதல் 35 அடி உயரம் வரை உள்ளே வெற்றிடமே இல்லை, முழுக்கக் கல்.

ஆனால் வெறும் எடை போதாது. சாந்து இறுகும் முன்பே அடுத்த ஓதம் வந்துவிடும். தனிக் கல்லை அலை பிடுங்கிக்கொண்டு போகாமல் இருக்க, மேசை இழுப்பறையின் மூலைகளைத் தச்சர் கோத்து மாட்டுவதுபோல ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோடு பூட்டினார் ஸ்மீட்டன். விசிறிபோல ஒருபுறம் அகன்ற நாக்கு ஒரு கல்லில். அதற்குச் சரியான பள்ளம் அடுத்ததில். ஒன்றை உருவ வேண்டுமானால் அந்த அடுக்கையே கலைக்க வேண்டும். அடிப்பாறையிலும் இதே பள்ளங்களை வெட்டி முதல் அடுக்கைப் பாறையோடேயே கோத்தார். ஓர் அடுக்கு மற்றதன்மேல் நழுவாதிருக்க, இரண்டிலும் பாதிப்பாதியாகப் புதையும் பளிங்குக் கட்டைகள். தற்காலிகமாகப் பிடித்துவைக்க ஓக் மர ஆப்புகளும் முளைகளும். வெளிப்புறம் கார்ன்வால் கருங்கல், உட்புறம் போர்ட்லாந்துக் கல்.

கற்களைப் பிளிமத்தின் மில்பே பட்டறையில் வெட்டி, அடுக்கு அடுக்காகத் தரையில் கோத்துச் சரிபார்த்து, அதன்பிறகுதான் கடலுக்கு அனுப்பினார்கள். வேலையாட்களில் பலர் கார்ன்வால் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்கள். இரண்டு அணிகள் முறைவைத்துப் பாறைக்கும் பட்டறைக்கும் மாறிக்கொண்டன. போர்க்காலம் என்பதால், கண்ணில் படும் ஆண்களைக் கடற்படைக்குப் பலவந்தமாகப் பிடித்துப் போகும் வழக்கம் இருந்தது. எடிஸ்டோன் ஆட்களுக்கு உலோக வில்லைகள் கொடுத்து அந்தப் பிடியிலிருந்து விலக்கு வாங்கித் தந்தார்கள்.

ஸ்மீட்டனின் உழைப்பில் மிகவும் பயன் தந்தது கோபுரத்தைவிட, அதற்காக 1756இல் அவர் செய்த சாந்துச் சோதனைகள்தான். சாதாரணச் சுண்ணாம்பின் கதை எளிது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் விட்டால் அது கொதித்து நீறும். சுவரில் பூசிய நீற்றுச் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல வாங்கி மீண்டும் கல்லாகிறது. அதற்குக் காற்று வேண்டும், மாதக்கணக்கில் காலமும் வேண்டும். கடலுக்கு அடியில் இரண்டுமே கிடையாது. நீருக்குள் வைத்த சுண்ணாம்பு கரைந்து போகும். நீருக்கடியிலேயே இறுகும் சாந்து ஸ்மீட்டனுக்குத் தேவைப்பட்டது.

கடினமான கல்லைச் சுட்டால் கடினமான சுண்ணாம்பு கிடைக்கும் என்பது அன்று கொத்தனார்கள் எல்லோரும் நம்பிய செய்தி. ரோமர் காலத்திலிருந்து நூல்களும் அதையே சொல்லி வந்தன. ஸ்மீட்டன் மிருதுவான சாக்கிலும் கெட்டியான பளிங்கிலும் கிடைத்த சுண்ணாம்பை ஒப்பிட்டார், வேறுபாடு இல்லை. பல ஊர்ச் சுண்ணாம்புகளில் சிறு உருண்டைகள் பிடித்து நீரில் போட்டுப் பார்த்தார். சில கரைந்தன, சில நின்றன. வேல்ஸ் கடற்கரையில் அபர்தா என்ற ஊரில் கிடைக்கும் நீலநிறச் சுண்ணாம்புக்கல் உறுதியாக நின்றது. காரணம் அறிய, கற்களின் துண்டுகளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தார். தூய சுண்ணாம்புக்கல் முழுவதும் கரைந்தது. அபர்தா கல் கரைந்தபோது அடியில் ஒரு வண்டல் தங்கியது. அதைத் திரட்டி உருட்டிச் சுட்டார், செங்கல் ஆனது. அது களிமண். கல்லின் கடினம் அல்ல, அதில் கலந்திருக்கும் களிமண்தான் நீரில் இறுகும் குணத்தைத் தருகிறது என்று கண்டுகொண்டார்.

வேதியியல் அன்று குழந்தைப் பருவத்தில் இருந்ததால், இது ஏன் நடக்கிறது என்று சொல்ல அவரால் முடியவில்லை. இன்று அது தெளிவு. களிமண்ணில் சிலிக்காவும் அலுமினாவும் உள்ளன. சூளையின் வெப்பத்தில் சுண்ணாம்பு அவற்றோடு சேர்ந்து கால்சியம் சிலிகேட், கால்சியம் அலுமினேட் சேர்மங்களாகிறது. இவை நீரோடு வினைபுரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் நுண்ணிய நீரேற்றச் சேர்மங்களை உண்டாக்குகின்றன. இறுகுவதற்குக் காற்று தேவையில்லை, நீரே மூலப்பொருள். எரிமலைச் சாம்பலிலும் வினையில் இறங்கத் தயாரான சிலிக்கா இருப்பதால், நீற்றுச் சுண்ணாம்போடு சேர்த்தால் இதே பலன் கிடைக்கும். ரோமர்கள் துறைமுகங்களைக் கட்டிய முறை அதுதான். இத்தாலியின் சிவிட்டாவெக்கியாவிலிருந்து வந்த அத்தகைய சாம்பல் பிளிமத் வணிகர் ஒருவரிடம் விலைபோகாமல் கிடந்தது. ஸ்மீட்டன் அதை வாங்கி, அபர்தா சுண்ணாம்போடு சமபங்கு கலந்து எடிஸ்டோன் சாந்தைத் தயாரித்தார்.

1757 ஜூன் 12 அன்று இரண்டே கால் டன் எடையுள்ள முதல் கல் வைக்கப்பட்டது. 1759 அக்டோபர் 16 அன்று 24 மெழுகுவத்திகளோடு 72 அடிக் கோபுரம் ஒளிவிட்டது. 1762 தொடக்கத்தில் வந்த கடும்புயல் பிளிமத் துறைமுகத்தைச் சூறையாடியது, கோபுரம் அசையவில்லை.

ஸ்மீட்டன் தன் சோதனைகளை எடிஸ்டோன் பற்றிய பெருநூலில் 1791இல்தான் வெளியிட்டார். அதன்பிறகு வேகம் கூடியது. பிரான்சில் லூயி விக்கா களிமண்ணையும் சுண்ணாம்பையும் செயற்கையாகக் கலந்து சுடும் முறையை வகுத்தார். 1824இல் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் தன் கலவைக்கு ‘போர்ட்லாந்து சிமென்ட்’ என்று பெயரிட்டுக் காப்புரிமை பெற்றார். எடிஸ்டோன் சாந்து சிமென்ட் அல்ல. இன்றைய சிமென்ட்டுக்கு வேண்டிய 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பம் அன்றைய சூளைகளுக்கு எட்டாதது. ஆனாலும் களிமண்ணே காரணம் என்ற அந்த ஒரு முடிவு இல்லாமல் சிமென்ட்டுக்கு வழி திறந்திருக்காது.

கோபுரம் இவ்வளவு உயர்ந்திருந்தும் அதன் வெளிச்சம் அரை நூற்றாண்டுக்கு மெழுகுவத்தியாகவே நின்றது. திரியின் கரியை அரை மணிக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டும். இல்லாவிட்டால் சுடர் மங்கிவிடும். அதை நினைவூட்டவே அரை மணிக்கு ஒரு தடவை மட்டும் அடிக்கும் கடிகாரம் ஒன்றை ஸ்மீட்டன் வைத்திருந்தார். இரவு முழுவதும் அந்த மணியோசைக்கு எழுந்து 24 திரிகளையும் கத்தரிப்பதுதான் காவலரின் வேலை. 1780களிலேயே ஆர்காண்ட் விளக்கு வந்துவிட்டது. குழல் வடிவத் திரியின் உள்ளும் புறமும் காற்றுப் பாயும். மேலே கண்ணாடிச் சிம்னி. புகை குறைவு, ஒளி பல மடங்கு. ஆனால் குத்தகைதாரருக்குக் கட்டணம் எப்படியும் வந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தைக் கூட்டுவதால் அவருக்கு ஒரு பென்னியும் கூடாது. குத்தகை 1807இல் முடிந்து டிரினிட்டி ஹவுஸ் கைக்கு வந்தபிறகே, 1810இல் ஆர்காண்ட் விளக்குகளும் பரவளைய எதிரொளிப்பான்களும் ஏறின. 1845இல் லென்ஸ் வந்தது. பிரெஞ்சு இயற்பியலர் ஃப்ரெனெல் 1822இல் உருவாக்கிய முறை அது: தடித்த ஒற்றைக் கண்ணாடிக்குப் பதிலாகப் பட்டக வளையங்களை அடுக்கி, எல்லாத் திசையிலும் சிதறும் ஒளியைக் கடல்மட்டத்தை நோக்கிக் கற்றையாகத் திருப்புவது. கண்ணாடி மெலிந்து, ஒளி இழப்பும் குறைந்தது.

1870களில் மூன்றாம் கோபுரத்துக்கு முடிவு வந்தது. குறை கோபுரத்தில் அல்ல, அது நின்ற பாறையில். அலைகள் பாறையின் அடிப்பக்கத்தை அரித்துக் குடைந்திருந்தன. பேரலை மோதும்போதெல்லாம் கோபுரம் நடுங்கியது. ஓக் மர வளைவுக்கும் ஒரு விலை இருந்தது என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. அகன்ற அடிப்பகுதியில் மோதும் அலை அந்த வளைவிலேயே வழுக்கி மேலேறி விளக்கை மறைத்தது.

டிரினிட்டி ஹவுஸின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் டக்ளஸ் இதற்கு வேறு விடை வைத்திருந்தார். இலங்கையின் தென்கிழக்குக் கடலில், உள்ளூரார் இராவணன் கோட்டை என்று சொல்லும் பாறைத்தொடரில், பெரிய பாசஸ் கலங்கரை விளக்கத்தை வடிவமைத்தவர் அவர். தம்பி வில்லியம் டக்ளஸ் மேற்பார்வையில் அது 1873இல் ஒளிபெற்றது. அங்கே கோபுரத்தின் அடியில் நேர்ச்சுவருள்ள ஓர் உருளை மேடை உண்டு. எடிஸ்டோனிலும் டக்ளஸ் 44 அடி விட்டத்தில் செங்குத்தான உருளை மேடை ஒன்றை எழுப்பி, அதன்மேல் வளைந்த கோபுரத்தை நிறுத்தினார். அலை செங்குத்துச் சுவரில் மோதி அங்கேயே உடைந்து சிதறும். மேலே ஏற வழி இல்லை. கற்களைப் பக்கவாட்டில் மட்டுமல்லாமல் மேலும் கீழும் உள்ள கற்களோடும் நாக்கும் பள்ளமுமாகக் கோத்தார். 4,600 டன்னுக்கு மேற்பட்ட கருங்கல். பழைய இடத்திலிருந்து சுமார் 40 மீட்டர் தள்ளி, உறுதியான வேறொரு பாறையைத் தேர்ந்தெடுத்து, கடல்நீரைத் தடுக்க அணைச்சுவர் எழுப்பி, உள்ளே தேங்கியதை இறைத்துவிட்டு அடித்தளம் போட்டார்கள். கல் இறக்கும் பாரந்தூக்கிகளை நீராவிக் கப்பல் இயக்கியது. 1879 ஆகஸ்டில் அடிக்கல். 1882 மே 18 அன்று விளக்கு எரிந்தது. டக்ளஸுக்கு அரசு அந்த ஆண்டே ‘சர்’ பட்டம் தந்தது.

பிளிமத் மக்களுக்கு ஸ்மீட்டன் கோபுரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. பணம் திரட்டி, மேற்பகுதியைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, ஹோ என்ற கடலோர மேட்டில் மீண்டும் நிறுவினார்கள். 1884இல் அது திறக்கப்பட்டது. சிவப்பும் வெள்ளையுமாக இன்றும் பார்வையாளர்களை ஏற்றுக்கொள்கிறது. கல்லால் நிறைந்த அடிப்பகுதியை அங்கேயே விட்டுவிட்டார்கள். அந்த அடிக்கட்டை டக்ளஸ் கோபுரத்தின் பக்கத்தில் அலையில் நனைந்தபடி இன்னும் நிற்கிறது. ஸ்காட்லாந்தின் பெல் ராக் பாறையில் 1811இல் ராபர்ட் ஸ்டீவன்சன் எழுப்பிய கோபுரமும் ஸ்மீட்டன் கல் கோத்த முறையையே அடியொற்றியது.

டக்ளஸ் கோபுரம் 49 மீட்டர் உயரம். காவலர்களையும் உணவையும் படகில் கொண்டுசேர்ப்பது எப்போதும் உயிரோடு விளையாடும் வேலையாகவே இருந்துவந்ததால், 1980இல் விளக்கறைக்கு மேலே ஹெலிகாப்டர் இறங்கும் தளம் கட்டினார்கள். சரியாக நூறாண்டு நிறைந்த 1982 மே 18 அன்று விளக்கு தானியங்கியானது. டிரினிட்டி ஹவுஸின் கடற்பாறைக் கலங்கரை விளக்கங்களில் முதலில் ஆளில்லாமல் ஆனது எடிஸ்டோன்தான். 1999இல் சூரிய மின்சாரத்துக்கு மாறியது. இப்போது பத்து நொடிக்கு இரண்டு வெள்ளை ஒளிவீச்சுகள். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் இப்படித் தனித் தாளம் உண்டு என்பதால், இரவில் இந்த இரண்டு வீச்சுகளை எண்ணியே எது எடிஸ்டோன் என்று மாலுமி அறிந்துகொள்கிறார். ஒளி 17 கடல் மைல் வரை எட்டுகிறது.